காடாகிப்போன உயிர்வேலியை ஒட்ட வெட்டியாயிற்று, இனி என்ன? கேள்விகளும் பதில்களும்

கோவைக்குத் தெற்கே எங்கள் வீட்டைச் சுற்றி எழுபது அடிக்கு ஓர் உயிர்வேலி உண்டு. பாதி மருதாணி, கொஞ்சம் செம்பருத்தி, ரோட்டோரம் டுராண்டா, கேட்டுக்குப் பக்கத்தில் காகிதப்பூ. மூன்று வருஷம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பினால், இடுப்பளவு வேலி பதினோரு அடிக் காடாகிக் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் இலையே இல்லை, வெறும் குச்சி. எல்லாவற்றையும் ஒட்ட வெட்டி, மறுபடி வேலியாக்க ஏறத்தாழ இரண்டு வருஷம் பிடித்தது. அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், உறவினர், நண்பர்கள் கேட்ட கேள்விகள்தான் இவை.

வெட்டி மூன்று வாரம் ஆகிறது. வெறும் கட்டைதான் நிற்கிறது. செத்துவிட்டதா?

கட்டையின் அடிப்பக்கம் நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து பொடியாக வந்தால் அந்த இடம் போய்விட்டது. இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள். மேலே காய்ந்து அடியில் பச்சை இருப்பது சாதாரணம். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே ரம்பத்தால் அறுத்துவிட்டால் போதும்.

மழைக்காலத்தில் வெட்டினால் டுராண்டாவும் செம்பருத்தியும் மூன்று, நான்கு வாரத்தில் துளிர்க்கும். இட்லிப்பூ ரொம்பச் சோம்பேறி, இரண்டு மாதம் வரை காக்க வைக்கும். கிளுவை வேலியாக இருந்தால் இன்னொரு சங்கதி: அது வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாகத்தான் நிற்கும். காங்கேயம் பக்கம் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றியிருக்கும் கிளுவை வேலியைக் கோடையில் முதன்முறை பார்ப்பவர்கள் பட்டுப்போனதாகவே நினைப்பார்கள். ஒரு மழை பெய்யட்டும், பிறகு பாருங்கள்.

எந்தச் செடியானாலும் ஒட்ட வெட்டினால் துளிர்த்துவிடுமா?

இல்லை. வெட்டுவதற்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

பல செடிகளின் பழைய தண்டில், பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. நுனி இருக்கும்வரை, அதில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழே இறங்கி அவற்றை எழவிடாமல் அடக்கி வைக்கும். நுனி போனதும் அடக்குமுறை போகிறது. மொட்டுகள் கண் திறக்கின்றன. மருதாணி, செம்பருத்தி, டுராண்டா, காகிதப்பூ, அரளி, நொச்சி, ஆடாதொடை, கிளுவை எல்லாம் இந்த வகை. மருதாணியைப் பற்றிப் பயமே வேண்டாம். ராஜஸ்தானில் சோஜத் பக்கம் மருதாணியை வயலில் பயிராகவே வைத்து, ஆண்டுதோறும் தரையை ஒட்டி அறுக்கிறார்கள். அதே தூர் பல வருஷத்துக்குத் துளிர்த்துக்கொண்டே இருக்கும்.

ஊசியிலை வகைச் செடியான தூஜா அப்படியில்லை. பச்சை இருக்கும் பகுதியைத் தாண்டிப் பழுப்புக் கட்டைக்குள் போய் வெட்டினால் அந்த இடம் அப்படியே நின்றுவிடும். நாம் வழக்கமாக வேலிக்கு வைக்கும் சவுக்கும் முதிர்ந்த கட்டையிலிருந்து நம்பிக்கையாகத் துளிர்ப்பதில்லை. இவை இரண்டையும் ஏற்கெனவே மொட்டையடித்திருந்தால் காத்திருந்து பயனில்லை, புதிதாக நடத் திட்டமிடுங்கள்.

எந்த மாதம் வெட்டியிருக்க வேண்டும்? நாங்கள் சித்திரையில் வெட்டிவிட்டோம்.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். வேலையை ஒப்புக்கொண்டவர் "இப்ப விட்டா அடுத்து ஆள் கிடைக்காதுங்க" என்றார். மே முதல் வாரம், கத்திரி வெயில் தொடங்கும் நேரம். நானும் தலையாட்டினேன். இத்தனை வருஷம் நிழலிலேயே கிடந்த பட்டையில் திடீரென்று மத்தியான வெயில் விழுந்தது. பத்து நாளில் மேற்குப் பக்கத்துச் செம்பருத்திக் கட்டைகளில் பட்டை வெடித்து, அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. ஒன்பதில் நான்கு போயின.

செடிக்கு வேண்டியது மண்ணில் ஈரமும், வெட்டியபின் இரண்டு மூன்று மாத வளர்ச்சிக்காலமும். தென்மேற்குப் பருவமழை எட்டும் பொள்ளாச்சி, கன்னியாகுமரிப் பக்கம் ஆனி, ஆடி நல்லது. வடகிழக்கு மழையை நம்பியிருக்கும் ஊர்களில் ஆவணி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் வேண்டாம். வெட்டுவாய் காயாமல் பூஞ்சை பிடித்து, கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும்.

சித்திரையில் வெட்டிவிட்டவர்கள் செய்யக்கூடியது: கட்டைகளுக்குச் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து அடியுங்கள், குறிப்பாக மேற்கும் தெற்கும் பார்த்த பக்கம். மேலே பழைய பச்சை நிழல்வலை ஒன்றை ஒரு மாதம் கட்டிவையுங்கள். தூரைச் சுற்றிக் காய்ந்த தழையைப் பரப்பி மூடாக்குப் போடுங்கள்.

வெட்டியதும் நல்ல உரமாகப் போட்டால் சீக்கிரம் வளருமே?

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். வெட்டிய மறுநாளே ஆளுக்கொரு பிடி யூரியா. இலையே இல்லாத செடிக்கு அது எதற்கு?

இதை நான் புரிந்துகொண்டது தேயிலையைப் பார்த்து. நீலகிரித் தோட்டங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவார்கள். வெட்டியபிறகு செடி தின்பது வேரில் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்தைத்தான். அதனால் கவாத்துக்கு முன் ஒரு வேர்த்துண்டை நறுக்கி அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் கையிருப்பு இருக்கிறது, வெட்டலாம். இல்லாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பிறகு வெட்டலாம். செடியின் ஓரத்தில் ஒன்றிரண்டு இலைக்கிளையை வெட்டாமல் விட்டுவைக்கும் முறையும் உண்டு. மூச்சுக்கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுத்துளிர் இலையாகும்வரை அது சமைத்துப் போடும்.

வீட்டு வேலிக்கும் கணக்கு அதேதான். வேரில் இருப்பதை எடுத்துத்தான் முதல் துளிர் வருகிறது. அந்தத் துளிரில் இலை முற்றிய பிறகுதான் செடி தானாகச் சம்பாதிக்கத் தொடங்கும். நீங்கள் போடும் உரம் அதற்கப்புறம் வேலை செய்தால் போதும். வெட்டியதும் தூரைச் சுற்றி நன்றாக மக்கிய சாணம், செடிக்கு ஒரு சட்டி அளவு, மண்ணோடு கலந்து விடுங்கள். துளிர் ஒரு சாண் ஆன பிறகு வேண்டுமானால் இன்னொரு சட்டி. அவசரமாக யூரியா போட்டால் தண்டு நீண்டு, நீர்கோத்து, மாவுப்பூச்சிக்கு விருந்தாகும்.

பலவீனமாகத் தெரியும் வேலியை ஒரே தடவையில் வெட்டாமல், முதல் வருஷம் மூன்றில் ஒரு பங்குத் தண்டு, அடுத்த வருஷம் இன்னொரு பங்கு என்று தூரோடு எடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் செடி சாகாது. இட்லிப்பூ வேலிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தினமும் தண்ணீர் விடலாமா?

வேண்டாம். தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுவது இலை. இலை போய்விட்டது, வேர் மட்டும் அதே அளவு கிடக்கிறது. முன்பு மாதிரியே விட்டால் மண் சொதசொதவென்று நின்று வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் விடுங்கள். களிமண்ணில் வாரம் ஒருமுறை, மணற்பாங்கில் இரண்டு முறை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. துளிர் பெருகப் பெருகத் தண்ணீரையும் கூட்டுங்கள்.

வெட்டுவாயில் ஏதாவது பூச வேண்டுமா?

விரல் தடிமன் வரை ஒன்றும் வேண்டாம், தானே மூடிக்கொள்ளும். மஞ்சள், சாணி, பெயின்ட் எல்லாம் நம் மனசமாதானத்துக்கு.

மணிக்கட்டு அளவு கட்டையாக இருந்து, மழையும் தொடரும் என்றால் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை பூசலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோதான், இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்தபிறகு பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றைக்கே பூசி முடித்துவிட வேண்டும்.

பூச்சைவிட முக்கியம் வெட்டு. கொடுவாளால் ஓங்கிப் போட்டால் கட்டை பிளந்து நார் நாராக நிற்கும், அதில் மழைத்தண்ணீர் தங்கும். தடித்ததை ரம்பத்தால் லேசான சாய்வாக அறுங்கள். ஏற்கெனவே பிளந்து நிற்பவற்றை இரண்டு அங்குலம் கீழே திரும்ப அறுத்துவிடுங்கள்.

துளிர் கொத்துக் கொத்தாக வருகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

ஒரு கட்டையின் தலையில் பத்துப் பன்னிரண்டு துளிர் விளக்குமாறு மாதிரி வரும். எல்லாம் வளர்ந்தால் எல்லாமே நோஞ்சான். வெவ்வேறு பக்கம் பார்த்த நாலைந்தை விட்டு, மற்றதைக் கையாலேயே ஒடித்து எடுங்கள். பிஞ்சாக இருக்கும்போது விரலால் தள்ளினாலே கழன்று வரும், கத்தரி தேவையில்லை. கட்டையின் அடியில் வரும் துளிரை மட்டும் ஒன்றுகூட எடுக்காதீர்கள். நாளைக்கு வேலியின் பாதத்தை மூடப்போவது அதுதான்.

பிறகு நுனி கிள்ளுவது. துளிர் ஒரு சாண் நீளம், எட்டுப் பத்து இலை ஆனதும் நுனியில் இரண்டு கணுவைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று பக்கக்கிளை வரும். அவை ஒரு சாண் ஆனதும் மறுபடி. நாலு மாதத்தில் ஒரு குச்சி பத்துக் குச்சி ஆகும்.

மனசு கேட்காது, தெரியும். இவ்வளவு நாள் காத்திருந்து வந்த துளிரைக் கிள்ளுவதா என்று என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் கிள்ளாமல் விட்ட நாலைந்து செடிகள் ஆறடிக்கு ஒற்றை நாடியாகப் போய், மறுபடி அடியில் வெறுமையாக நின்றன.

மேலே மட்டும் அடர்த்தி, அடியில் ஓட்டை. நாய் புகுந்து வருகிறது.

வடிவம்தான் காரணம். வேலியின் குறுக்குவெட்டைக் கற்பனை செய்யுங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் மேல் இலை கீழ் இலைக்குக் குடை பிடிக்கிறது. வெயில் படாத இலையைச் செடி வைத்துக்கொள்ளாது, உதிர்த்துவிடும். கத்தரியோடு வெட்டும் ஆள் பெரும்பாலும் அடியைத்தான் அதிகம் வழிப்பார், மேலே விட்டுவிடுவார். இரண்டு மூன்று வருஷத்தில் வேலி தலைகீழாகிவிடும்.

சரி செய்ய: அடி மூன்றடி அகலம் என்றால் தலை இரண்டடி. இரு முனையிலும் இந்த அளவுக்குக் குச்சி ஊன்றி, மேலும் கீழும் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே வருவதை மட்டும் வெட்டுங்கள். கண்ணை நம்பினால் நடுவில் வயிறு தள்ளும்.

உயரத்தையும் ஒரேயடியாக ஏறவிடாதீர்கள். ஒவ்வொரு வெட்டிலும் போன வெட்டுக்கு மேலே நாலு விரற்கடை மட்டும் விட்டு மிச்சத்தை எடுங்கள். இரண்டடியில் தொடங்கி நாலரை அடி சேர எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷத்தில் ஏறிய ஒவ்வொரு நாலு விரற்கடையும் நெருக்கமாக இருக்கிறது. இப்போது எங்கள் வேலியில் கோழிகூட நுழையாது. பூனை விஷயம் வேறு.

நடுவில் சில செடிகள் பட்டுப்போய் இடைவெளி விழுந்துவிட்டது. புது நாற்று வைக்கலாமா?

முதலில் பக்கத்துச் செடியையே பயன்படுத்திப் பாருங்கள். வளைக்கக்கூடிய நீண்ட கிளை ஒன்றை இடைவெளிக்குக் குறுக்கே தாழ்த்தி, குச்சியில் கட்டிப் படுக்கவையுங்கள். நிமிர்ந்து நிற்கும் கிளை நுனியில் மட்டும் வளரும். படுத்த கிளை கணுவுக்குக் கணு மேல்நோக்கித் துளிர்க்கும். இரண்டடி இடைவெளி இதிலேயே மூடிவிடும். அதே கிளையின் நடுப்பகுதியில் பட்டையைக் கொஞ்சம் சீவி, மண்ணுக்குள் அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்தால் பதியன். மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் வேர் விடும்.

அதற்கு மேல் பெரிய இடைவெளிக்கு நாற்றுதான். சும்மா குழி தோண்டி வைத்தால் பழைய செடிகளின் வேர் வந்து தண்ணீரைக் குடித்துவிடும், நாற்று ஏங்கியே நிற்கும். ஒன்றரை அடி ஆழம் தோண்டி, குறுக்கே வரும் வேர்களை அறுத்து, பட்ட செடியின் தூரையும் பெயர்த்து எடுத்துவிட்டு (கரையான் அங்கேதான் குடியிருக்கும்), புதுமண்ணும் எருவும் போட்டு ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். கிளுவை வேலிக்கு நாற்றே வேண்டாம், மழைக்கு முன் நாலடிப் போத்து (கிளைத்துண்டு) வெட்டி ஊன்றினால் போதும்.

புதுத்துளிரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பிக் கிடக்கிறது.

மாவுப்பூச்சி. செம்பருத்தியில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் அந்த நுனியை ஒடித்து, சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். பிறகு குழாயில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். மிஞ்சியதற்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி, வாரம் ஒருமுறை மூன்று வாரம். எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தால் அதையும் தடுக்க வேண்டும். பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கின்றன.

கடுமையான பூச்சிமருந்தை நான் அடிப்பதில்லை. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது பலருக்கு நினைவிருக்கும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வேலியோரச் செம்பருத்தி எதையும் விடவில்லை. மருந்தடித்து ஓய்ந்து, கடைசியில் 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அசிரோபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவிதான் அதை அடக்கியது. மருந்து பூச்சியைவிட முதலில் குளவியைக் கொல்லும்.

புது இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதே?

இரும்புச்சத்துக் குறை. உப்புக் கனத்த போர்வெல் தண்ணீர் விடும் வீடுகளில் இட்லிப்பூவிலும் செம்பருத்தியிலும் அடிக்கடி வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்புத்தன்மையால் வேரால் எடுக்க முடிவதில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஒரு எலுமிச்சம்பழச் சாறும் கலந்து சாயங்காலத்தில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. முடிந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

வெட்டிய பிறகு வெயில் விழுந்த இடமெல்லாம் களையும் கொடியும் கிளம்பிவிட்டன.

கோவைக்கொடியும் பார்த்தீனியமும் முதல் மழைக்கே வரும். தூரைச் சுற்றி மூன்று அங்குலம் மூடாக்குப் போட்டால் பாதி அடங்கும். தண்டை ஒட்டாமல் ஒரு கை தள்ளிப் போடுங்கள். சீமைக் கருவேல் வேலிக்குள் புகுந்திருந்தால் வெட்டிப் பிரயோஜனம் இல்லை, நம் செடியைவிட வேகமாக அது துளிர்க்கும். வேர்த்தலையோடு தோண்டி எடுக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் கடப்பாரை எளிதாக இறங்கும்.

மஞ்சள் நூலைப் பிரித்துக் கொட்டியதுபோல ஒரு கொடி படர்ந்தால் அது கஸ்குட்டா ஒட்டுண்ணி. பிரித்தெடுக்கப் பார்க்காதீர்கள், துண்டு விழுந்த இடத்திலெல்லாம் பிடித்துக்கொள்ளும். அது தொட்ட கிளையோடு சேர்த்து வெட்டி எரியுங்கள்.

வெட்டிய தழையை என்ன செய்வது?

மெல்லிய கிளையை நறுக்கி அதே வேலிக்கு மூடாக்காக்கலாம். செம்பருத்தித் தழையை ஆடு வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியாலில் (ஊன்றி வளர்க்கும் உயிர்க்கம்பு) வெட்டும் குழையைத் தோட்டத்துக்குப் பசுந்தாளாகத் தாழ்ப்பார்கள், அங்கே அது குப்பையே இல்லை.

அரளி மட்டும் எச்சரிக்கை. செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டும் நஞ்சு; ஆடு மாட்டுக்குப் போடக்கூடாது, எரித்த புகையும் ஆகாது. தனியாகக் குழியில் மூடுங்கள். டுராண்டாவின் மஞ்சள் காயைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருகுகள்ளி வேலி என்றால் கண்ணாடி போடாமல் வெட்டவே கூடாது, பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் அளவுக்கு எரியும்.

கூடு இருந்தால்?

தள்ளிப்போடுங்கள். சின்னான் குருவி முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஒரு மாதத்துக்குள் ஆகிவிடும். தையல்சிட்டு கூடு இரண்டு இலையைத் தைத்த பை மாதிரி இருக்கும், சுலபத்தில் கண்ணில் படாது. அதனால் வெட்டுவதற்கு முந்தின நாள் காலையில் பத்து நிமிஷம் சும்மா நின்று, எது எங்கே போய் வருகிறது என்று பாருங்கள். அதே நிற்றலில் சாரைப்பாம்பும் தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் கோபமாக இருக்கிறார்.

அவருக்கு இருந்த மறைவு ஒரே நாளில் போய்விட்டது, கோபம் நியாயம்தான். வெட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். இப்போதைக்குப் பச்சை வலை கட்டிக்கொடுங்கள். அடுத்த வெட்டில் அவர் பக்கத்தை அவரைக் கேட்டு, உங்கள் ஆளையே அனுப்பிச் செய்யுங்கள். நாங்கள் ஒரு கூடை மருதாணி இலையும் கொடுத்தோம், வீட்டில் கல்யாணம் இருந்தது.

பூ எப்போது வரும்?

செம்பருத்தியும் காகிதப்பூவும் புதுக்கிளையில்தான் பூக்கும். ஆனால் கிள்ளிக்கொண்டே இருக்கும் முதல் வருஷம் பூவை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் வருஷம் காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்துக் காயப்போட்டால் இலையைவிடப் பூ அதிகமாகத் தெரியும்.

ஆளை விட்டு வெட்டச் சொல்கிறோம். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

மூன்றே விஷயம். கயிற்றைத் தாண்டி உள்ளே வெட்ட வேண்டாம். அடியில் கைவைக்க வேண்டாம். கத்தரியை நன்றாகச் சாணை பிடித்துக்கொண்டு வரவேண்டும். சொல்லிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். முதல் பத்தடி வெட்டும்வரை ஒரு டீயை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள், மிச்ச அறுபதடியை அவர் அதே மாதிரி வெட்டிவிடுவார்.